வலிக்காத துப்பாக்கி

துப்பாக்கி சுட்டால் யாருக்கு வலிக்கும்?

இதென்ன கேள்வி, குண்டு பட்டவனுக்குத்தான் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் சுட்டவனுக்கும் வலிக்கும். சினிமாவில் ஹீரோ ஆளுயரம் பறந்துகொண்டே இரண்டு கைகளாலும் சுட்டுத் தள்ளுவார். இறங்கி வந்து டூயட்டும் பாடுவார். நிஜத்தில் அப்படிச் சுட்டால், மறுநாள் காலை அவரால் காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியாது.

காரணம், நாம் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதியதும் மறந்த விஷயம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். நீளத் துப்பாக்கி என்றால் அந்த உதையைத் தோள் வாங்கிக்கொள்ளும். கைத்துப்பாக்கிக்கு அந்த வசதி இல்லை. அத்தனையும் மணிக்கட்டுக்குத்தான். அதிலும் குழாய் இருப்பது கைக்கு மேலே. ஆகவே உதை நேராகப் பின்னால் வராது. துப்பாக்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே எகிறும். மணிக்கட்டு அதோடு சேர்ந்து மடங்கும்.

இந்த உதையைக் குறைப்பது எப்படி என்று துப்பாக்கி செய்தவர்கள் நூறு வருடங்களுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் திருநெல்வேலிச் சீமையில் நடந்தது. மணிக்கட்டு வலிக்கும் ஒருவர் எந்த ரிவால்வரைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிற இன்றைய கேள்விக்குப் பதிலும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1799 அக்டோபர் 16. கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, மீண்டும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை எழுப்பினார். அந்தச் சண்டையில் கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்தது சுமார் நாலரைக் கிலோ மஸ்கட். குண்டு ஒவ்வொன்றும் கோலிக்குண்டு சைஸ். எதிரே பாளையக்காரர்களின் வீரர்களிடம் பதினெட்டு அடி நீள ஈட்டி. இரண்டுமே பலசாலிகளின் ஆயுதம். சாப்பிட்டு, உடம்பை வளர்த்து, மாதக்கணக்கில் பழகியவன்தான் அவற்றைக் கையாள முடியும்.

ஊமைத்துரையும் 1801 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். முடிந்தது. தலைமுறை தலைமுறையாக ஆயுதத்தோடு புழங்கிய ஒரு சீமை, வெறுங்கையோடு நின்றது. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தால் ஜெயில். வெள்ளைக்காரருக்கு மட்டும் விலக்கு.

அந்த வெள்ளைக்காரர் இடுப்பில் என்ன வைத்திருந்தார்? பெரும்பாலும் ஒரு வெப்லி ரிவால்வர். ராணுவ அளவு .455. பெரிய குண்டு, மந்தமான வேகம். பாய்ந்து வருகிற ஆளை ஒரே குண்டில் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. 1915-ல் வந்த ஆறாவது மாடலின் எடை ஒரு கிலோவுக்கும் மேல். அத்தனை கனம் இருந்தும் உதை பலமாக இருந்தது. பழகாதவன் சுட்டால் முதல் குண்டு எங்கேயோ போகும். இரண்டாவது குண்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வான். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கை தன்னால் சிலிர்த்துக்கொள்ளும். குறி தவற அது போதும்.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் ஊட்டா மாகாணத்து ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரவுனிங் கதைக்குள் வருகிறார். துப்பாக்கிப் பட்டறைக்காரரின் மகன். 1855-ல் பிறந்தவர். அவருடைய யோசனை எளிமையானது. உதையை எதற்கு வீணடிக்க வேண்டும்? அதையே வேலை வாங்கினால் என்ன?

ரிவால்வரில் உருளை சுழல்வதும் சுத்தியல் பின்வாங்குவதும் விரலின் பலத்தால் நடப்பவை. உதை தன் பாட்டுக்கு மணிக்கட்டில் வந்து இறங்கும். பிரவுனிங்கின் பிஸ்டலிலோ, வெடித்த வேகத்தில் மேல்பகுதி பின்னால் சரியும். காலித் தோட்டாவை வெளியே துப்பும். ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே ஏறிவிடும். உதையின் ஒரு பங்கு இந்த வேலைக்கே செலவாகிறது. மிச்சமும் ஒரே குத்தாக விழாமல், நிதானமாகக் கைக்கு வருகிறது.

பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊர். அங்கிருந்த எஃப்.என். தொழிற்சாலை அதைச் செய்ய ஆரம்பித்தது. 1900-ம் ஆண்டு மாடல் என்று பெயர். எடை 625 கிராம். ஏழு தோட்டா. அளவு 7.65 மில்லிமீட்டர், அதாவது .32. குண்டின் எடை ஐந்து கிராம்கூட இல்லை. வெப்லியின் குண்டோ பதினேழு கிராம். இன்னொரு சூட்சுமமும் அதில் இருந்தது. ஸ்பிரிங்கைக் குழாய்க்கு மேலே வைத்திருந்தார் பிரவுனிங். அதனால் குழாய் கைக்கு மிக அருகில் இறங்கிவிட்டது. மூக்கைத் தூக்குகிற வேலையும் குறைந்துபோனது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கையில் வந்து விழும் உதையின் சக்தி வெப்லியில் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும்.

தட்டையாக இருந்தது. கோட்டுப் பைக்குள் அடங்கியது. முக்கியமாக, வலிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் ஏழு லட்சம் விற்றது. பிரெஞ்சுக்காரர்கள் எந்த பிஸ்டலையும் பிரவுனிங் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பதுபோல.

யார் வாங்கினார்கள்? வியாபாரிகள், டாக்டர்கள், இரவில் தனியாகப் பயணம் செய்கிறவர்கள். கூடவே இன்னொரு ரகமும் வாங்கியது.

1904 ஜூன் 16. ஹெல்சிங்கி. பின்லாந்தை ஆண்ட ரஷ்ய கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவைச் சுட்டுவிட்டு, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார் யூஜின் ஷாமன். அவர் ஒரு அரசாங்க குமாஸ்தா. 1909 அக்டோபர் 26. ஹார்பின் ரயில் நிலையம். ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டார் கொரியாவின் ஆன் ஜுங் குன். இருவர் கையிலும் அதே 1900 மாடல். ராணுவத்தின் பலம் தேவையில்லை, புஜபலம் தேவையில்லை. பேனா பிடித்த கை போதும் என்று ஆகிவிட்டது.

இந்தச் செய்தி லண்டனில் இருந்த இந்திய மாணவர்களுக்கும் எட்டாமல் இல்லை. 1909 தொடக்கத்தில், இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன் ஊர் திரும்பினார். அவருடைய பெட்டியின் ரகசிய அடித்தட்டில் சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரவுனிங் பிஸ்டல்கள். அவற்றில் ஒன்றால்தான் அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். சுட்டவர் ஒரு மாணவர், அனந்த் கான்ஹரே.

அதே 1909 ஜூலையில் லண்டனில் கர்சன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்ராவின் வழக்கில் ஒரு சாட்சி வந்தார். டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் துப்பாக்கி சுடும் கூடம் நடத்தியவர். திங்ரா வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அங்கே வந்து பயிற்சி எடுத்ததாகச் சொன்னார். கொலை நடந்த அன்று மாலைகூட வந்திருக்கிறார். பதினெட்டு அடி தூரத்தில் பன்னிரண்டு குண்டுகள் சுட்டதில் பதினொன்று இலக்கில் பட்டது. உதை குறைந்த பிஸ்டலும் சில மாதப் பயிற்சியும் சேர்ந்தால் ஒரு இன்ஜினீயரிங் மாணவரால் என்ன முடியும் என்பதற்கு அது கணக்கு.

அப்போது இந்தியா ஹவுஸில் இருந்த ஒரு தமிழர், திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர். பாரிஸ்டர் படிக்கப் போனவர். கைதிலிருந்து தப்பி 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. லிட்டனின் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குக் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தார். 1911 தொடக்கத்தில் அங்கே வந்தவர்களில் ஒருவர் செங்கோட்டைக்காரர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வனத்துறையில், புனலூரில் வேலை. வயது இருபத்தைந்து. வாஞ்சிநாதன்.

இவர் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. வேட்டைக்காரக் குடும்பமும் இல்லை. 1801-க்குப் பிறகு இந்தச் சீமையில் ஆயுதம் பழக வழியே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நூற்றுப்பத்து வருட இடைவெளி. அதைத் தாண்ட அவருக்குச் சில மாதங்கள் போதுமாக இருந்தன. கட்டபொம்மன் காலத்து மஸ்கட்டைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. ஒரு கிலோ வெப்லியைக் கொடுத்திருந்தாலும் சந்தேகம்தான்.

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், மனைவி மேரியோடு காலை ஒன்பதரை மணி ரயிலில் கிளம்பினார். கொடைக்கானலில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1908-ல் வ.உ.சி. கைதாகித் திருநெல்வேலி கொந்தளித்தபோது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் இந்த ஆஷ். சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் அவர் பங்கை ஜனங்கள் மறக்கவில்லை.

மணியாச்சி ஜங்ஷன். மணி 10.38. போட் மெயிலுக்காக வண்டி நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வாஞ்சி உள்ளே ஏறினார். கையில் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோமேட்டிக். மிக அருகிலிருந்து சுட்டார். குண்டு மார்பில் பாய்ந்தது. பலமாக வீசிய காற்றில் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் ஓடிய வாஞ்சி, கழிப்பறைக்குள் புகுந்து வாய்க்குள் வைத்துத் தன்னையே சுட்டுக்கொண்டார். ஆஷைத் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கங்கைகொண்டானைத் தாண்டவில்லை. உயிர் போய்விட்டது. மறுநாள் பாளையங்கோட்டையில் அடக்கம்.

வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு எதிர்ப்பு, தேசத்தின் மேல் பற்று, சனாதன தர்மத்தின் மேல் பற்று, மன்னரைச் சாதிப் பெயரால் இழித்த சொல் எல்லாமே அதில் இருந்தன. அவரைத் தியாகி என்று கொண்டாடுகிறவர்களும், அந்தக் கடிதத்தைக் காட்டிக் கேள்வி கேட்கிறவர்களும் இன்றும் உண்டு. நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட பதினான்கு பேர் மீது வழக்கு நடந்தது. நீலகண்டருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல்.

சுடக் கற்றுக்கொடுத்த ஐயர் என்ன ஆனார்? புதுச்சேரியிலிருந்து வெளியே வந்தபின் காந்தியின் பாதைக்கு மாறினார். துப்பாக்கியை விட்டார். பெல்லாரிச் சிறையில் கம்பனை ஆராய்ந்தார். பிறகு அவர் குருகுலம் நடத்த வந்து சேர்ந்த இடம் தாமிரபரணிக் கரையில் இருக்கும் சேரன்மாதேவி. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று கிளம்பிய சர்ச்சை தமிழக அரசியலையே புரட்டிப்போட்டது தனிக்கதை. 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் அவருடைய மகள் சுபத்ராவை அருவி இழுத்தது. காப்பாற்றக் குதித்த ஐயரும் திரும்பவில்லை.

இனி அந்தப் பக்கம் பார்ப்போம். வெள்ளைக்காரனும் பாடம் கற்றுக்கொண்டான். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் கணக்குப் பார்த்தது. அவசரமாகச் சேர்த்த ஆட்களுக்கு .455 ரிவால்வரைப் பழக்குவது பெரும்பாடு. உதைக்குப் பயந்து குறி தவறுகிறவன் கையில் பெரிய குண்டு இருந்து என்ன பிரயோஜனம்? ஆகவே 1930-களின் தொடக்கத்தில் .38 அளவு என்ஃபீல்டு ரிவால்வருக்கு மாறினார்கள். எடையும் முக்கால் கிலோவாக இறங்கியது. அதே குடும்பத்து .38 வெப்லியைப் பின்பற்றித்தான் சுதந்திர இந்தியாவில் கான்பூர் தொழிற்சாலை .32 ரிவால்வரைச் செய்தது. ஏன் .32? .38, .455 எல்லாம் போலீஸ், ராணுவ அளவு. பொதுஜனம் வைத்துக்கொள்ளத் தடை. அந்தத் தடையால் ஒரு நன்மை. நம் ஊரில் லைசென்ஸ் வாங்குகிறவருக்குக் கிடைப்பதே பெரும்பாலும் மென்மையான தோட்டாதான்.

சரி, மணிக்கட்டு வலி உள்ளவர் எதை எடுப்பது?

கடைக்குப் போகிறவர் செய்கிற முதல் தப்பு, கைதான் வலிக்கிறதே என்று இருப்பதிலேயே லேசானதைக் கேட்பது. நேர் எதிர். தோட்டா ஒன்றேதான் என்றால், கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும். லேசானது அதிகமாக உதைக்கும். 2014-ல் கான்பூரிலிருந்து பெண்களுக்காக என்று 'நிர்பீக்' வந்தது. டைட்டானியம் கலந்தது, அரைக் கிலோ, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். கைப்பையில் சுமக்க சுகம். சுடும்போது சுகமா என்பது வேறு கேள்வி. 2023-ல் வந்த 'பிரபல்' சுமார் 700 கிராம். உருளை பக்கவாட்டில் திறக்கும். பழைய மாடலைப்போல் நடுவில் மடக்கித் திறக்க வேண்டியதில்லை. வலியுள்ள கைக்கு இது பெரிய உபகாரம்.

பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கக் கூடாது. ரப்பர் பிடி என்றால் இன்னும் நல்லது. குழாய் கைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. பிரவுனிங் அன்றைக்குச் செய்ததும் அதைத்தான். விசை எவ்வளவு கனமாக இழுக்கிறது என்பதைக் காலித் துப்பாக்கியில் இழுத்துப் பார்க்க வேண்டும். பல பேருக்கு வலி வருவது உதையால் அல்ல, அந்த இழுப்பால். சுத்தியலை முதலிலேயே பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டால் விசை லேசாகிவிடும். வாஞ்சி காலத்தில் ஒற்றைக் கையால் சுடுவதுதான் வழக்கம். இன்று இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டை நேராக வைத்துச் சுடச் சொல்லித்தருகிறார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகிறதா? துப்பாக்கிக் கடைக்கு முன்னால் டாக்டரைப் பார்ப்பது உத்தமம்.

இதெல்லாம் கைக்கு. ஆனால், மணியாச்சியிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். துப்பாக்கி தன்னைப் பிடித்தவனிடம் வாங்குகிற கூலி அந்த உதை மட்டும்தான். நூறு வருடமாக அந்தக் கூலியைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். கை வலிக்கிறதே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகு, தயங்க வைக்கிற வேலையை வேறு யாராவதுதான் செய்ய வேண்டும். சட்டம், சுற்றம், சொந்த மனசு, யாராவது.

இன்று அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒருவர் ரிவால்வர் வாங்க ஆசைப்பட்டால், காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். டாக்டர் சான்றிதழ் வேண்டும். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு, கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர் மாவட்ட கலெக்டர். ஆஷ் உட்கார்ந்திருந்த அதே பதவி.